பனை ஓலைக்குள் எத்தனை நார்? கட்டமைப்பும் வணிக வாய்ப்பும்

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 ஆகஸ்டில் தாக்கலான மாநிலத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. இவை அடுத்தடுத்து வந்ததிலிருந்து, 'பனை நார் பிளாஸ்டிக்குக்கு மாற்று' என்ற பேச்சு செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறது. ஆனால் ஒரு செய்தியில் பனை நார் என்பது கூடை முடையும் ஓலையைக் குறிக்கிறது. இன்னொன்றில் தூரிகைத் தொழிலுக்குப் போகும் தும்பைக் குறிக்கிறது. வேறொன்றில் ஆய்வகத்தில் பிசினோடு சேர்த்துச் சோதிக்கப்படும் கலவைப் பொருளைக் குறிக்கிறது. இவை யாவும் ஒன்று என்று எண்ணிப் படிப்பவருக்கு, எந்த நார் எதற்கு உதவும், எதில் பணம் இருக்கிறது, எது வெறும் எதிர்பார்ப்பு என்பது விளங்காமலே போகிறது. ஓலையின் உள்ளமைப்பைப் புரிந்துகொண்டால் இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி தானாகத் தீரும்.

எந்தப் பனை, எந்த நார்?

பன்னாட்டுச் சந்தையில் 'பாம் ஃபைபர்' என்று விற்கப்படும் சரக்கில் பெரும்பகுதி, மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் எண்ணெய்ப்பனையின் பழக்குலையிலிருந்து எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சக்கையைப் பிரித்து எடுத்த நார்தான். அது இலை நார் அன்று. தென்னையின் கயிற்று நாரும் மட்டைத் தோலிலிருந்து, அதாவது காயின் உறையிலிருந்து, கிடைப்பதே. இலையிலிருந்து நார் தரும் பனைகளின் பட்டியல் வேறு: மடகாஸ்கரின் ராஃபியா, பிரேசிலின் பியாசாவா, இந்தோனேசியாவின் சர்க்கரைப்பனை, இலங்கையில் கித்துள் என்று அழைக்கப்படும் கூந்தற்பனை, இவற்றோடு நம் பனை.

இக்கட்டுரை பேசுவது, தாவரவியலில் பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர் எனப்படும் நம் பனையை மட்டுமே. தூத்துக்குடி, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களின் மணற்பாங்கான நிலங்களிலும், யாழ்ப்பாணம், மன்னார் பகுதிகளிலும் அடர்ந்து நிற்கும் மரம் இது. 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரமும் ஆகும்.

சொற்களிலும் ஒரு தெளிவு வேண்டும். 'தும்பு' என்ற சொல் தூத்துக்குடிப் பக்கத்தில் பனைமட்டையின் அடியிலிருந்து எடுக்கும் விறைப்பான நாரைக் குறிக்கிறது. குமரிப் பகுதியிலும் இலங்கையிலும் அதே சொல் தேங்காய் நாருக்கும் வழங்குகிறது. நீண்ட கைப்பிடி வைத்த துடைப்பத்துக்கு யாழ்ப்பாணத்தில் தும்புத்தடி என்றே பெயர். விலை விவரமோ ஏற்றுமதி விவரமோ படிக்கும்போது எந்தத் தும்பு என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. இனி இங்கே தும்பு என்று வருவதெல்லாம் பனந்தும்பே.

மரம் என்று சொன்னாலும் புல்லினம்

தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் உட்புறம் வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் வகுக்கிறது. மடல், ஓலை, பாளை, ஈர்க்கு முதலிய உறுப்புப் பெயர்களைப் புல்லுக்கு உரியனவாக வைக்கிறது. இன்றைய தாவரவியலும் பனையை நெல், மூங்கில், புல் ஆகியவற்றோடு ஒருவித்திலைத் தாவரங்களில்தான் சேர்க்கிறது. நாரைப் புரிந்துகொள்ள இந்த வகைப்பாடு அடிப்படையானது.

தேக்கு, வேம்பு போன்றவற்றில் கேம்பியம் என்ற வளர்திசு வளையம் உண்டு. அது ஆண்டுதோறும் புதிய கட்டையை உட்புறம் சேர்க்க, மரம் பருத்துக்கொண்டே போகிறது. பனைக்குக் கேம்பியம் கிடையாது. நீரையும் உணவையும் கடத்தும் குழாய்கள், தனித்தனி வாஸ்குலார் கற்றைகளாக, மென்மையான சோற்றுத் திசுவுக்குள் சிதறிக் கிடக்கின்றன. இப்படிச் சிதறிக் கிடப்பதால் ஒவ்வொரு கற்றையும் தன்னைத்தானே தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது; அதற்காகவே அதைச் சுற்றித் தடித்த சுவருள்ள நார்ச்செல்கள் உறைபோல் அமைகின்றன. இந்த உறையோடு கூடிய கற்றையைத்தான் நாம் உரித்தெடுத்து 'நார்' என்கிறோம். கண்ணுக்கு ஒரே இழையாகத் தெரிவது, உண்மையில் பல நூறு செல்கள் நெடுக்கில் ஒட்டிய ஒரு கட்டு.

சணலோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். சணல் நார், தண்டின் பட்டையில் இருக்கும் மென்னார். நீரில் ஊறவைத்து அழுகவிட்டாலே பிரிந்து, நூலாக நூற்கும் அளவுக்கு மென்மையாக வரும். பனை நாரோ, கற்றாழை நாரைப் போல வன்னார். கடத்துகுழாயும் உறையும், செல்சுவரை விறைப்பாக்கும் லிக்னின் என்ற பொருளால் இறுகிப்போயிருப்பதால் எளிதில் இழையிழையாகப் பிரியாது. பிரிந்தாலும் நூற்பதற்கு இணங்காது. துணி நெய்யப் பனை நாரைப் பயன்படுத்தலாம் என்று வரும் செய்திகளை இந்த ஒரு காரணத்துக்காகவே ஐயத்தோடு படிக்க வேண்டும்.

ஓர் ஓலையின் பாகங்களும் ஐந்து வகை நாரும்

வளர்ந்த பனையின் கொண்டையில் சுமார் 30 முதல் 40 ஓலைகள் இருக்கும்; ஆண்டுக்குச் சுமார் 12 முதல் 15 வரை புதிதாக விடும். அப்படியானால் ஓர் ஓலை விரிந்ததிலிருந்து காய்ந்து விழும்வரை ஏறத்தாழ 3 ஆண்டுகள் காற்றையும் வெயிலையும் தாங்கி நிற்கிறது. விசிறிபோல் விரிந்த அகன்ற பரப்பு, காற்று வீசும்போது ஒரு பாயைப்போல இழுக்கும். அந்த இழுவையை மட்டை தாங்க, மட்டையை அதன் அடிப்பகுதி மரத்தோடு பிடித்துவைக்க வேண்டும். சுமை பாகத்துக்குப் பாகம் மாறுவதால் நாரின் தன்மையும் மாறுகிறது. மேலிருந்து கீழாக வந்தால் ஐந்து வகைகளைக் காணலாம்.

1. ஓலை (இதழ்). நரம்புகள் நெடுக்கில் இணையாக ஓடுவதால் ஓலையை நீளவாக்கில் விரல்நகத்தால்கூடக் கிழித்துவிடலாம். குறுக்கே கிழிப்பது கடினம். கொட்டான் எனப்படும் ஓலைக்கூடையை முடைபவர்கள் ஒரே அகலத்தில் ஓலையை வார்ந்தெடுக்க முடிவது இதனால்தான். ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் நேர்க்கோடு இழுத்தால் நார்ப்போக்கில் ஓலை பிளந்துவிடும் என்பதால் தென்னாட்டு எழுத்துகள் வளைந்த வடிவம் கொண்டன என்ற கருத்தும் இந்த அமைப்பை ஒட்டியே எழுந்தது.

2. ஈர்க்கு. ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஓடும் விறைப்பான நரம்பு. தென்னை ஈர்க்கைவிடத் தடிமனானது. வளைத்தால் திரும்ப நிமிரும். பெட்டிகளுக்குச் சட்டம் கட்டவும், சுளகு போன்றவற்றுக்கு உறுதி சேர்க்கவும் பயன்படும்.

3. மட்டை நார். கருக்கு எனப்படும் அரம்போன்ற கறுத்த விளிம்புகளைச் சீவி எறிந்தபின், மட்டையை ஊறவைத்தும் தட்டியும் நீண்ட பட்டைகளாக உரிப்பது. தோலை ஒட்டிய வெளிப்பகுதி புறணி. அதற்கு உட்பட்டது அகணி. மட்டையின் குறுக்குவெட்டைப் பார்த்தால், வெளிவிளிம்பில் கற்றைகள் நெருக்கமாகவும் சிறியதாகவும், நடுவில் பெரியதாகவும் தள்ளித் தள்ளியும் இருக்கும். வளையும் பொருளில் மிகுந்த இழுவிசை வெளிவிளிம்பில்தான் விழுகிறது; மரம் தன் பலத்தைச் சரியாக அங்கேயே வைத்திருக்கிறது. நார்க்கட்டில் பின்னவும், நார்ப்பெட்டி, கடகம் ஆகியவற்றின் வாயையும் அடியையும் கட்டவும் இந்த நாரே வேண்டும்.

4. தும்பு. மட்டையின் அடி, மரத்தைத் தழுவும் இடத்தில் கவட்டைபோல் இரண்டாகப் பிளந்து அகன்றிருக்கும். தூத்துக்குடிப் பகுதியில் இதைப் பத்தை என்பார்கள். ஓலை முழுவதன் பாரமும் காற்றின் முறுக்கும் வந்து சேரும் இடம் இதுதான் என்பதால், இங்குள்ள கற்றைகள் தடித்தும், விறைத்தும், அதே நேரம் வளைத்துவிட்டால் துள்ளி நிமிரும் வகையிலும் இருக்கின்றன. ஏற்றுமதிச் சரக்கு என்று சொல்லப்படும் பனை நார் இதுவே.

5. பன்னாடை. அடிமட்டையை ஒட்டி வலைபோல் பின்னிக் கிடக்கும் மெல்லிய உறை. நெய்யை வடிகட்டப் பயன்பட்டதால் நெய்யரி என்ற பெயரும் இதற்கு உண்டு. நல்லதைக் கீழே விட்டுக் கசடை மட்டும் பிடித்துவைப்பதால், பாவம், இது ஒரு வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது; யாரும் நெய்யாமலே நெய்த துணியாகக் கிடைக்கும் இந்த அமைப்பு உண்மையில் வியப்புக்குரியது.

ஓலையின் வயதும் இதே அளவுக்கு முக்கியம். விரியாத குருத்தோலையில் பச்சையமும் லிக்னினும் குறைவு. வெளிர்நிறமாக இருக்கும், சாயத்தை நன்றாக ஏற்கும், மடித்தாலும் உடையாது. நுண்ணிய கைவினைக்குக் குருத்தோலையையே தேடுவது அதனால்தான். முற்றிய பச்சை ஓலை கூரைக்கும் முரட்டுப் பெட்டிக்கும் ஏற்றது. காவோலை எனப்படும் காய்ந்த ஓலையில் நார் இருக்கும்; ஆனால் நெகிழ்ச்சி போயிருக்கும்.

நுண்ணோக்கியில் ஓர் இழை

தும்பின் ஓர் இழையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், நடுவில் நீரைக் கடத்தும் ஒன்றிரண்டு அகன்ற சைலக் குழாய்களும், அருகே உணவைக் கடத்தும் ஃபுளோயம் இருந்த சிறு வெற்றிடமும், சுற்றிலும் நெருக்கமாக அடுக்கிய நார்ச்செல்களும் தெரியும். இந்த உட்குழிவுகளே நாரின் எடையைக் குறைக்கின்றன. செல்சுவரின் முதன்மைப் பொருளான செல்லுலோஸின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம், உள்ளே காற்று அடைபட்டிருப்பதால் முழு இழையின் அடர்த்தி அதைவிடக் குறைவு. கண்ணாடி இழையின் அடர்த்தியோ சுமார் 2.5. எடையைக் குறைக்க விரும்பும் தொழில்கள் இத்தகைய நாரின் பக்கம் திரும்பிப் பார்ப்பதற்கு இதுவே முதற்காரணம்.

பருத்தியின் ஒவ்வோர் இழையும் ஒரே செல். 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை நீளமுள்ளது. பனைக் குடும்பத்து இலை நார்களிலோ தனிச் செல்லின் நீளம் ஓரிரு மில்லிமீட்டர் அளவே. அரை மீட்டர் நீளமுள்ள தும்பிழை என்பது, இத்தகைய குறுஞ்செல்களை லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும் பசைபோல் ஒட்டிவைத்த தொடர்தான். பசையைக் கடுமையான காரத்தால் முழுதும் கரைத்துவிட்டால் நார் மென்மையாகாது, சிதைந்து கூழாகிவிடும். எவ்வளவு பசையை எடுப்பது, எவ்வளவை விடுவது என்பதே பனை நார்ப் பதப்படுத்தலின் நுட்பம் முழுவதும்.

செல்சுவருக்குள் இன்னும் ஒரு படி இறங்க வேண்டும். சுவரின் தடித்த நடு அடுக்கில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் திருகாணியின் புரிபோல் சுற்றிச் செல்கின்றன. அந்தப் புரி, நாரின் நீளத்தோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை நுண்ணிழைக் கோணம் என்பார்கள். கோணம் சிறிதாக இருந்தால் நார் விறைப்பாக இருக்கும், நீளாது. பெரிதாக இருந்தால் இழுத்தால் சுருள்வில்போல் நீண்டு கொடுக்கும். தேங்காய் நாரில் இந்தக் கோணம் பெரிது. அதனால்தான் அது மெத்தைக்கும் மிதியடிக்கும் பொருந்துகிறது. சணலில் மிகச் சிறிது. பனை இலையில் ஒரே மரத்துக்குள்ளேயே பாகத்துக்குப் பாகம் விறைப்பும் நீட்சியும் மாறுவதால், 'பனை நாரின் வலிமை இவ்வளவு' என்று ஒரே எண்ணைத் தரும் எந்த அறிக்கையிலும், எந்தப் பாகம், எந்த வயது மரம், எவ்வளவு ஈரம் என்ற மூன்றையும் தேடிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, மணல். பனைக் குடும்பத்தின் நார்க்கற்றைகளை ஒட்டி, சிலிக்கா நிறைந்த நுண்ணிய மணிகள் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கும். மட்டை சீவுபவரின் அரிவாளை அடிக்கடி தீட்ட வேண்டியிருப்பதற்கும், இயந்திரப் பற்கள் விரைவில் தேய்வதற்கும் இதில் பங்கு உண்டு. லிக்னினோடு சேர்ந்து பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அண்டாமல் காப்பதும் இதுவே.

பத்தை தும்பாகும் வழி

தும்புக்கு முதிர்ந்த நெடும்பனையைவிட வடலி எனப்படும் இளம்பனையே உகந்தது. வடலியில் பத்தைகள் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றன. நாரும் நீளமாக, உடையாத தன்மையோடு வருகிறது. பச்சையாக வெட்டிய பத்தையை உடனே அடிக்க வேண்டும். காயவிட்டால் சோற்றுத் திசு நாரோடு இறுகி ஒட்டிக்கொள்ளும், பிறகு ஊறவைத்துத்தான் எடுக்க முடியும்.

பத்தையைக் கட்டை மீது வைத்து மரச்சுத்தியலால் அடிக்கும்போது முதலில் சாறு தெறிக்கும். பிறகு சோறு நொறுங்கி உதிரும். நாலைந்து அடியில் பத்தை தட்டையாகி, அதன் ஓரத்தில் பழுப்புநிற இழைகள் விரியத் தொடங்கும். அதை ஒரு பலகையில் வரிசையாக அறைந்த ஆணிகளின் மேல் போட்டுத் தலைமுடி கோதுவதுபோல் இழுத்தால், சக்கை ஆணிகளில் தங்க, நார் கையில் வரும். இயந்திரம் வைத்த இடங்களில் ஆணி பதித்த உருளை சுழன்று இதே வேலையைச் செய்கிறது. வேகம் கூடும், ஆனால் உடையும் நாரும் கூடும். பிறகு வெயிலில் உலர்த்தி, விறைப்பும் நிறமும் பார்த்துப் பிரித்து, ஒரே நீளத்துக்கு வெட்டிக் கட்டுகளாகக் கட்டுகிறார்கள். தூரிகைச் சந்தைக்குப் போகும் சரக்கில் ஒரு பகுதி கறுப்போ பழுப்போ சாயம் ஏற்றப்படுகிறது.

இந்த வேலையில் விலையைத் தீர்மானிப்பது கடைசிக் கட்டம்தான். ஒரே பத்தையிலிருந்து தடித்த விறைப்பு நாரும், நடுத்தர நாரும், மயிர்போன்ற மென்னாரும் கலந்தே வரும். கலந்தபடி விற்றால் எல்லாவற்றுக்கும் மென்னாரின் விலைதான் கிடைக்கும். விரலில் உருட்டிப் பார்த்தே தடிமனைப் பிரித்துவிடும் கைப்பழக்கம், வேம்பார் போன்ற ஊர்களில் தலைமுறைகளாக இத்தொழிலில் இருப்பவர்களிடம் இருக்கிறது. அந்தக் கைப்பழக்கம் எழுத்தில் வகுத்த தர அளவாக மாறாமல் இருப்பது இத்தொழிலின் பெரிய குறை என்பது என் கருத்து.

நைலானுக்கு முன்னும் பின்னும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தெருக்களையும் தொழிற்கூடங்களையும் பெருக்கப் பிரேசிலின் பியாசாவா நார் போனது. அதற்கு மாற்றாகவே பனந்தும்பு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியாகத் தொடங்கியது. ஆங்கில வணிகத்தில் அதற்குப் 'பாசின்' என்று பெயர். தெருக்கூட்டும் தூரிகை, ஆலைத் தரை தேய்க்கும் தூரிகை ஆகியவற்றுக்கு வேண்டியவை நான்கு: விறைப்பு, வளைந்து நிமிரும் துள்ளல், நனைந்தாலும் துவளாமை, தேய்மானத்தைத் தாங்கும் திறன். காற்றில் மூன்றாண்டு ஓலையைத் தாங்கும்படி அமைந்த பத்தை நாரில் இந்த நான்கும் இயல்பாகவே இருந்தன.

1938இல் நைலான் முதன்முதலாக விற்பனைக்கு வந்ததே பல் துலக்கும் தூரிகையின் மயிராகத்தான். அடுத்த சில பத்தாண்டுகளில் நைலானும் பாலிபுரோப்பிலீனும் தூரிகைச் சந்தையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. காரணம் விலை மட்டும் அன்று. ஒவ்வோர் இழையும் ஒரே தடிமன், ஒரே நீளம், ஒரே விறைப்பு என்ற உறுதியைச் செயற்கை இழை தந்தது. இயந்திரத்தில் தூரிகை கட்டும் ஆலைக்கு அந்த உறுதி பெரிய வசதி.

இருந்தும் தும்பு மறைந்துவிடவில்லை. பிளாஸ்டிக் இழை சூட்டில் இளகும். வேகமாகச் சுழலும் தூரிகையில் உராய்வுச் சூடே அதன் நுனியை மழுக்கிவிடும். தாவர நார் உருகாது. ஈரத்தைச் சிறிது உள்வாங்கிக்கொள்வதால் அதில் நிலைமின்னும் எளிதில் தேங்காது. பிளாஸ்டிக் துடைப்பத்திலிருந்து தேய்ந்து உதிர்வது நுண்பிளாஸ்டிக்காக மண்ணிலும் நீரிலும் சேர்கிறது. தும்பிலிருந்து உதிர்வது மட்கிப்போகிறது. முன்பு யாரும் கணக்கில் எடுக்காத இந்தக் கடைசி வேறுபாட்டுக்கு இப்போது சந்தையில் மதிப்பு வந்திருக்கிறது.

எந்த வாய்ப்பு எவ்வளவு உறுதியானது?

பேசப்படும் பயன்பாடுகளை, கட்டமைப்பு அவற்றுக்கு எந்த அளவு இடம் கொடுக்கிறது என்ற அடிப்படையில் எடைபோடலாம்.

1. தூரிகைகளும் துடைப்பங்களும். இதுவே முதலிடம். நார் எந்த மாற்றமும் இன்றி, இருக்கும் வடிவத்திலேயே பயன்படுகிறது. தடிமன் வாரியாகப் பிரித்துக் கொடுத்தால் கிடைக்கும் கூடுதல் விலைக்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. பாத்திரம் தேய்க்கும் தூரிகை, காய்கறி கழுவும் தூரிகை போன்ற வீட்டுப் பொருள்களாக முடித்து விற்றால் ஒரு கிலோ நாரிலிருந்து கிடைக்கும் வருவாய் மூலப்பொருள் ஏற்றுமதியைவிட மேலாக இருக்கும். அந்த முடிப்புவேலை பெரும்பாலும் நார் எடுக்கும் ஊரில் நடப்பதில்லை.

2. முடைந்த பொருள்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது, ஓலைப் பொருள் கைவினைப் பெயரால் விலை பெற முடியும் என்பதற்குச் சான்று. இங்கே விற்கப்படுவது நாரின் வலிமை அன்று; முடைபவரின் நேரமும் திறமும். ஆகவே பிளாஸ்டிக் கூடையின் விலையோடு போட்டியிட முயன்றால் முடைபவரின் கூலிதான் அடிபடும்.

3. கலவைப் பொருள்கள். பிசின் அல்லது பிளாஸ்டிக்குக்குள் நாரை வைத்து அழுத்தித் தகடாக்குவது. ஐரோப்பியக் கார்களின் கதவு உட்பலகைகளில் ஆளி, சணல் வகை நார்கள் 1990கள் முதல் இப்படிப் பயன்படுகின்றன. பனை நாரிலும் இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் ஆய்வுகள் நடந்துவருகின்றன. ஆனால் மூன்று தடைகள் உண்டு. நார் நீரை விரும்பும், பிளாஸ்டிக் வெறுக்கும். இரண்டும் ஒட்ட, நாரை முதலில் நீர்த்த காரக் கரைசலில் நனைத்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும், அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் வேண்டும். தாவர நார் சுமார் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிதையத் தொடங்குவதால், ஏறத்தாழ 165 டிகிரியில் உருகும் பாலிபுரோப்பிலீனோடு சேர்க்கலாம். 260 டிகிரி வேண்டும் நைலான் 66 போன்றவற்றோடு சேர்க்க இயலாது. மூன்றாவது, கார் ஆலைக்கு ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில் டன் கணக்கில் சரக்கு வேண்டும். கையால் வெட்டி, கையால் அடித்து வரும் தும்பை அந்த வாயில் கொட்டுவது பொருளாதாரமாகாது. தூரிகைக்கு உதவாத குட்டை நாரும் உடைந்த நாருமே கலவைப் பொருளுக்கு உரிய மூலப்பொருள். அவை இன்று பெரும்பாலும் குப்பையாகின்றன.

4. அழுத்தி வார்த்த தட்டுகள். பாக்கு மட்டையை நனைத்துச் சூடான அச்சில் அழுத்தும்போது, ஈரத்தோடு சேர்ந்த சூட்டில் லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும் இளகி, ஆறியதும் புதிய வடிவத்தில் இறுகிவிடுகின்றன, பசை வேண்டியதில்லை. பனையின் மட்டை தடித்தும் நார் மிகுந்தும் இருப்பதால் அதே முறை அப்படியே பொருந்தாது. ஓலைப் பகுதியை மடித்து அழுத்தித் தொன்னை போன்றவை செய்யலாம். எச்சரிக்கைக்கு ஒரு நிகழ்வு போதும்: 2025இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பாக்கு மட்டைப் பாத்திரங்கள் உணவோடு தொடர்புகொள்ளும் பொருளாக ஏற்கத்தக்கவை அல்ல என்று அறிவித்தது. இயற்கைப் பொருள் என்பதே பாதுகாப்புக்குச் சான்றாகிவிடாது. எந்தச் சேர்மம் உணவில் இறங்குகிறது என்ற ஆய்வு முடிவு கையில் இருந்தால்தான் ஏற்றுமதி நிலைக்கும்.

5. மண்ணரிப்புத் தடுக்கும் வலை, காகிதக்கூழ். இவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். முதலாவதில் தேங்காய் நாரும் சணலும் மலிவாகவும் மிகுதியாகவும் கிடைக்கின்றன. இரண்டாவதில் சிலிக்கா கூழ் ஆலைக்குத் தொல்லை.

மரம், கை, நிறுவனம்

மூலப்பொருள் மலைபோல் குவிந்து கிடக்கிறது என்ற எண்ணம் தவறானது. தமிழ்நாட்டில் 5 கோடிப் பனைகள் என்று வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணை ஓலைக் கணக்கால் பெருக்கினால் பெரிய தொகை வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பெருக்கலுக்கு மூன்று கழிவுகள் உண்டு.

முதலாவது, மரத்தின் உணவு. ஆண்டுக்கு 12 ஓலை விடும் மரத்தில் அத்தனையையும் பச்சையாக வெட்டினால் கொண்டை மெலியும். பதநீரும் குறையும், ஏனெனில் பாளைக்கு வரும் சர்க்கரையை உருவாக்குவது அந்த ஓலைகள்தாம். வடலியில் அளவு மீறிப் பத்தை வெட்டினால் நடுக்குருத்துக் காற்றுக்கு ஈடுகொடுக்காமல் போகும். எத்தனை வெட்டலாம் என்பது நிலத்துக்கும் மழைக்கும் ஏற்ப மாறும். கீழ் அடுக்கில் இருக்கும் முதிர்ந்த மட்டைகளை மட்டும் எடுத்து மேலடுக்கை விட்டுவைப்பது பொது வழக்கு.

இரண்டாவது, ஏறுபவர். நெடும்பனையில் ஏறி ஓலை வெட்டும் தொழிலாளர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். விழுந்தால் உயிரோ முதுகெலும்போ போகும் தொழிலுக்கு அடுத்த தலைமுறை வர மறுப்பதில் தவறு காண முடியாது. பத்தை அடித்து நார் கோதும் வேலையில் பெரும்பாலும் பெண்கள் இருக்கிறார்கள். நாள் முழுதும் நார்த்தூசியில் உட்கார்ந்து செய்யும் அந்த வேலைக்கு எடைக்கணக்கில்தான் கூலி. தூசியை உறிஞ்சும் அமைப்போடு கூடிய, உயரம் மாற்றக்கூடிய கோதும் இயந்திரத்தை, நாரை உடைக்காத வேகத்தில் ஓடும்படி வடிவமைப்பது ஒரு பொறியியல் கல்லூரிக்கு எளிய பணி. கலவைப் பொருள் ஆய்வுகளுக்குச் செல்லும் கவனத்தில் ஒரு பங்கு இதற்கு வந்தாலே மாற்றம் தெரியும்.

மூன்றாவது, நிறுவன ஆதரவு. தேங்காய் நாருக்கு 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தனி வாரியம் அமைந்தது. ஆய்வு, தர அளவு, ஏற்றுமதி ஊக்கம் ஆகியவை அதன் வழியே வந்தன. பனந்தும்புக்கு அப்படித் தனி வாரியம் கிடையாது. தமிழ்நாட்டில் பனைவெல்லத்தையும் தும்பையும் ஒரே பெயருக்குள் சேர்த்த கூட்டுறவுச் சம்மேளனம் இருக்கிறது. ஆனால் பனைக் கொள்கை பற்றிய பேச்சு எப்போதும் வெல்லத்தோடும் பதநீரோடும் நின்றுவிடுகிறது. இலங்கையில் 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையும், கைதடியில் இயங்கும் பனை ஆராய்ச்சி நிறுவனமும் ஓலையையும் நாரையும் சேர்த்தே பார்க்கின்றன. நீளம், தடிமன், விறைப்பு, ஈரப்பதம் ஆகிய நான்குக்கும் எழுத்தில் வகுத்த அளவு வந்துவிட்டால், தூத்துக்குடியில் கட்டிய கட்டு எந்த நாட்டில் பிரிக்கப்பட்டாலும் இன்ன சரக்கு என்று வாங்குபவர் பார்க்காமலே விலை பேச முடியும்.

காலக்கணக்கு ஒன்றும் இதில் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு அறிவிப்பின் கீழ் 76 லட்சம் பனை விதைகளை ஊன்றுவது இலக்காக வைக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்ற விதியும் அப்போது வந்தது. விதியால் காக்கப்படுவது நிற்கும் மரம். பச்சை மட்டையை எத்தனை எடுக்கலாம் என்பதைப் பற்றி அது பேசவில்லை. பனை பாளை விடப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அன்று ஊன்றிய விதைகளில் பிழைத்தவை 2030களின் தொடக்கத்தில் வடலிகளாக நிற்கும். அவை முதலில் தரப்போவது பதநீர் அன்று, பத்தை. அந்த வடலிகளில் அரிவாள் வைக்கும் நாளுக்குள் வெட்டும் அளவும் நாரின் தர அளவும் எழுத்தில் வந்திருக்க வேண்டும்.